அடித்தால் இறுகும் தங்கம், சுட்டால் இறுகுமா?

"எங்கள் ஆசாரி, 22 கேரட் கம்பியை அடிக்க அடிக்க விறைக்கும், சூடு காட்டினால் இளகிவிடும் என்கிறார். பொறியியல் படித்த உறவினர் ஒருவரோ, 18 கேரட் நகையை 300 டிகிரி சூட்டில் வைத்தால் இன்னும் கெட்டியாகும் என்கிறார். சூடு தங்கத்தை இளக்குமா, இறுக்குமா? இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரட்டிப்புப் பலன் உண்டா? என் 22 கேரட் வளையல் நசுங்கிக்கொண்டே இருக்கிறது. அதையும் அப்படிச் சூட்டில் வைத்துக் கெட்டியாக்கலாமா?" இதுதான் கேள்வி.

இருவர் சொல்வதும் சரி. ஆசாரி சொல்லும் சூடு 600 டிகிரி பக்கம். உறவினர் சொல்லும் சூடு அதில் பாதி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ச் சட்டி இருக்கிறது. அதைப் பற்றி இரண்டு பேருமே உங்களிடம் சொல்லவில்லை. விஷயமே அந்தச் சட்டியில்தான் இருக்கிறது. வளையலைப் பொறுத்தவரை என் பதில்: வேண்டாம், பலன் இருக்காது. ஏன் என்று சொல்லக் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

கடினத்தை அளக்க நகைத் தொழிலில் விக்கர்ஸ் எண்ணைப் பயன்படுத்துவோம். பிரமிடு வடிவ வைர முனை ஒன்றைக் குறிப்பிட்ட எடையோடு உலோகத்தில் அழுத்தி, பதிந்த பள்ளத்தை நுண்ணோக்கியில் அளப்பார்கள். பள்ளம் சிறிதானால் எண் பெரிது. காய்ச்சி (உருகாத அளவுக்குச் சூடேற்றி) இளக்கிய சொக்கத் தங்கத்துக்கு அந்த எண் 20 முதல் 25 வரை. அதையே உருட்டாலையில் விட்டு நன்றாகத் தகடாக்கினால் 55, 60 வரும். 22 கேரட்டில் தங்கம் போக மீதி எட்டே சொச்சம் சதவீதம்தான். அதில் வெள்ளி கூடுதலாக இருந்தால் காய்ச்சிய நிலையில் 50 சொச்சம், செம்பு கூடுதலாக இருந்தால் 70. உருட்டிய பிறகு முதலாவது 100 பக்கம் போகும், இரண்டாவது 130ஐத் தாண்டும். வெள்ளியும் செம்பும் சரிபாதியாகக் கலந்த 18 கேரட், காய்ச்சிய நிலையிலேயே 150; அடித்த பிறகு 210. எல்லாமே சுமார்க் கணக்கு, எவ்வளவு அடித்தோம் என்பதைப் பொறுத்து மாறும்.

இந்த எண்களில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே தடவை உருக்கி வார்த்ததிலிருந்து எடுத்த 22 கேரட், அடித்ததற்கும் காய்ச்சியதற்கும் நடுவே கடினத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், துளிகூட மாறவில்லை. நகையை விரலால் வளைத்துப் பார்த்து "கெட்டியா இருக்கே, செம்பு ஜாஸ்தியோ" என்று சந்தேகப்படுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தச் சோதனை நகையின் மாற்றைச் சொல்லாது, கடைசியாக அதை யார் அடித்தார், யார் சுட்டார் என்பதைத்தான் சொல்லும். மாற்றுக்கு உரைகல்லும் 916 முத்திரையும் இருக்கின்றன.

சரி, அடித்தால் ஏன் இறுகுகிறது? தங்கம் படிகம். அணுக்கள் ஒழுங்கான தளங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வளைப்பது என்றால் ஒரு தளம் இன்னொரு தளத்தின் மேல் வழுக்குவது. முழுத் தளமும் ஒரே நேரத்தில் வழுக்க வேண்டும் என்றால் மெல்லிய மோதிரத்தைக்கூட நம் கையால் வளைக்க முடியாது. கல்யாண மண்டபத்து ஜமக்காளத்தை ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நகராது. ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி, அந்த மடிப்பைக் காலால் மறுமுனைவரை தள்ளிக்கொண்டே போனால் மொத்த ஜமக்காளமும் ஒரு சாண் நகர்ந்திருக்கும். படிகத்துக்குள் இருக்கும் அந்த மடிப்புக்கு டிஸ்லொகேஷன் என்று பெயர். டெய்லர், ஒரோவான், போலான்யி என்ற மூவர் 1934இல் தனித்தனியாக இந்தக் கருத்தை வெளியிட்டார்கள்.

சுத்தியல் ஒவ்வொரு முறை விழும்போதும் இந்த மடிப்புகள் நகர்வதோடு நிற்காமல் பெருகவும் செய்கின்றன. காய்ச்சிய தங்கத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பைக் கடந்து போகும் மடிப்புக் கோடுகள் சில லட்சத்திலிருந்து சில கோடி வரை இருக்கும். நன்றாக அடிபட்ட தங்கத்தில் அது பத்தாயிரம் கோடியைத் தாண்டி லட்சம் கோடியை நெருங்கும். இத்தனை கோடுகளும் ஒன்றில் ஒன்று சிக்கி, தெருவில் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் திரும்பப் பார்ப்பதுபோல் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மடிப்பு நகர, மற்றதெல்லாம் வழிவிட வேண்டும். விறைப்பு என்று ஆசாரி கையில் உணர்வது இந்த நெரிசலைத்தான்.

கலப்பு உலோகம் வேறு விதமாகத் தடுக்கும். தங்க அணுவின் ஆரம் 144 பிக்கோமீட்டர். வெள்ளிக்கும் 144தான். செம்புக்கு 128. வெள்ளி அணு தங்கத்தின் இடத்தில் சொந்த வீடுபோல் உட்கார்ந்துகொள்ளும், அக்கம்பக்கத்துக்குத் தெரியவே தெரியாது. செம்பு உட்கார்ந்தால் சுற்றிலும் உள்ள அணுக்கள் உள்நோக்கி இழுபடும். அந்தத் திரிபு, நகர்ந்து வரும் மடிப்பைப் பிடித்து நிறுத்தும். ஒரே 22 கேரட்டில் வெள்ளி மிகுந்தது மெத்தென்றும் செம்பு மிகுந்தது கெட்டியாகவும் இருக்கக் காரணம் இதுதான். தென்னாப்பிரிக்காவின் குருகராண்ட் நாணயத்தில் தங்கம் போக மீதி முழுக்கச் செம்பு; அதனால்தான் அதற்கு லேசான சிவப்பும் கீறல் தாங்கும் தன்மையும்.

நம் ஊரில் தங்கத்தை எடைபோடும் "சவரன்" என்ற சொல்லும் இப்படிப்பட்ட ஒரு நாணயத்திலிருந்து வந்ததுதான். பிரிட்டிஷ் சாவரின் 22 கேரட், எடை 7.988 கிராம். கை மாறிக்கொண்டே இருக்கும் நாணயம் தேயக் கூடாது என்பதற்காகத்தான் சொக்கத் தங்கத்தில் அடிக்காமல் கலப்பு சேர்த்தார்கள். அச்சடிக்கும்போது விழும் அழுத்தம், மேற்கொண்டு கொஞ்சம் இறுக்கிவிடும்.

இனி ஆசாரியின் சூடு. அடிபட்ட தங்கம் ஒரு கட்டத்துக்கு மேல் அடி வாங்காது, விளிம்பில் வெடிக்கும். அதனால் நடுநடுவே 550, 600 டிகிரி வரை மங்கிய சிவப்பாகக் காய்ச்சி எடுப்பார்கள். அனீலிங் என்பது இதைத்தான். அந்தச் சூட்டில் சிக்கிக் கிடந்த அணுக்கள் நகரத் தொடங்கி, நெரிசல் இல்லாத புதிய குட்டிப் படிகங்கள், அதாவது படிக மணிகள், பழைய குப்பையைத் தின்று வளரும். சில நிமிடத்தில் தங்கம் மறுபடி பிஞ்சாகிவிடும். நகாசு வேலை பார்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: அரக்கில் பதித்த தகட்டில் ஒரு யாளி முகம் எழும்பி வருவதற்குள் அதை எத்தனை முறை கழற்றிக் காய்ச்சி மறுபடி பதிக்க வேண்டியிருக்கிறது என்று. ஒவ்வொரு முறையும் அவர்கள் அந்தக் கோடிக்கணக்கான மடிப்புகளை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறார்கள். சொக்கத் தங்கம் இதில் இன்னும் மோசம். மிகச் சுத்தமான தங்கத்தில் அடித்து ஏற்றிய விறைப்பு 200 டிகிரிக்குள்ளேயே கரையத் தொடங்கிவிடும்.

இதில் நகை வாங்குகிறவர்கள் அறியாத ஒன்று இருக்கிறது. பற்றவைப்பும் ஒரு காய்ச்சல்தான். கம்பியை இழுத்து, அடித்து, அழகாக விறைப்பேற்றிவிட்டு, கடைசியில் ஊதுகுழல் தீயைக் காட்டி ஒட்டுப் போட்டால் ஒட்டைச் சுற்றியுள்ள பகுதி முழுதும் பிஞ்சாகிவிடும். தோட்டின் தண்டு வளைந்துபோவதும், திருகாணியின் மறை ஒரு வருடத்தில் தேய்ந்து வழுக்குவதும் பெரும்பாலும் இதனால்தான். இழுத்த கம்பியாக இருந்தபோது அந்தத் தண்டுக்குத் தேவையான கடினம் இருந்தது. தோட்டோடு ஒட்டியபோது போய்விட்டது. நல்ல வேலைக்காரர்கள் ஒட்டுக்குப் பிறகு தண்டைக் குறட்டில் பிடித்து லேசாக முறுக்குவார்கள், அல்லது நகையை எஃகுக் குண்டுகளோடு உருளையில் போட்டுச் சுழற்றுவார்கள். மேல்தோல் மட்டுமாவது திரும்ப இறுகும்.

இதுவரை சூடு எதிரியாகவே இருந்தது. அது நண்பனாகும் இடம் 18 கேரட்.

எடையில் 75 சதவீதம் தங்கம், 25 சதவீதம் செம்பு: இது சிவப்புத் தங்கம். எடையை விட்டுவிட்டு அணுக்களை எண்ணிப் பாருங்கள். தங்க அணு கனமானது, செம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல். கணக்குப் போட்டால் 100 அணுக்களில் 49 தங்கம், 51 செம்பு. ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று! கேரட் கணக்கை வகுத்தவர்கள் இதை நினைத்து வகுக்கவில்லை, தற்செயல்தான். ஆனால் இயற்கை இந்தச் சம விகிதத்தை விட்டுவைப்பதில்லை. சுமார் 410 டிகிரிக்கு மேல் தங்கமும் செம்பும் கலவையாக எந்த இடத்தில் வேண்டுமானாலும் உட்காரும். அதற்குக் கீழே இறங்கினால் பந்தி வரிசைபோல் ஒரு தளம் தங்கம், அடுத்த தளம் செம்பு, மறுபடி தங்கம் என்று அடுக்காகப் பிரிய விரும்பும். வேதியியலாளர் குர்னாகோவும் சகாக்களும் இந்த உலோகச் சோடியில் வெப்பநிலையோடு நடக்கும் மாற்றங்களை ரஷ்யாவில் ஆராய்ந்து 1916இல் வெளியிட்டார்கள்.

வரிசையாக உட்கார்ந்ததும் கனசதுரமாக இருந்த படிகக் கட்டம் ஒரு பக்கம் குட்டையாகிவிடும். மற்ற இரண்டு பக்கத்தைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. எந்தப் பக்கம் குட்டையாக வேண்டும் என்று யாரும் சொல்லாததால், ஒரே படிக மணிக்குள் இங்கே ஒரு துண்டு கிழக்கு மேற்காகச் சுருங்கும், பக்கத்துத் துண்டு வடக்கு தெற்காகச் சுருங்கும். ஒவ்வொன்றும் அடுத்ததை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த இழுபறிக்குள் ஒரு டிஸ்லொகேஷன் புகுந்து போவது மிகக் கஷ்டம். சிவப்பு 18 கேரட் காய்ச்சிய நிலையில் 165 இருந்தது, இப்படி வரிசைப்பட்டால் 300ஐத் தாண்டிவிடும். சுத்தியலே படவில்லை.

முறை இதுதான். முதலில் 650 டிகிரி பக்கம் காய்ச்சி, எல்லாவற்றையும் கலைந்த கலவையாக்க வேண்டும். உடனே தண்ணீர்ச் சட்டி. குப்பென்று குளிர்ந்ததும் அணுக்கள் வரிசைக்குப் போக நேரமில்லாமல் கலைந்தபடியே உறைந்துபோகும். உலோகம் மெத்தென்று இருக்கும். இந்த நிலையில் வேண்டிய வேலையை எல்லாம் செய்துகொள்ளலாம். கடைசியாக 280 டிகிரி வாக்கில் அரை மணியோ ஒரு மணியோ வைக்க வேண்டும். அணுக்கள் மெதுவாக ஊர்ந்து வரிசை சேரும். இந்தக் கடைசிப் படிக்குத்தான் ஏஜிங், முதிர்வித்தல் என்று பெயர்.

சட்டியை மறந்தால் என்ன ஆகும் என்பதை நான் பயிற்சிக் காலத்திலேயே பார்த்தேன். சிவப்பு 18 கேரட் மோதிரப் பட்டைகள் நான்கைக் காய்ச்சிவிட்டு, செங்கல் மேலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். மெதுவாக ஆறும்போது அது 400லிருந்து 250 வரை நிதானமாக இறங்கியிருக்கிறது. முதிர்வு தானாகவே நடந்து முடிந்துவிட்டது. திரும்பி வந்து வளைத்தபோது இரண்டு பட்டை படக்கென்று உடைந்தன, முறிந்த முகம் சர்க்கரைக் கட்டிபோல் மணிமணியாக இருந்தது. ஒரு படிக மணிக்கும் அடுத்த படிக மணிக்கும் நடுவே அந்த 7 சதவீதச் சண்டை தாங்காமல் எல்லையில் விரிசல். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, சட்டியை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். 22 கேரட்டில் பழகிய கைக்கு இந்தத் தவறு எளிதாக வரும், ஏனென்றால் 22இல் நிதானமாக ஆறவிட்டாலும் ஒரு கெடுதலும் வராது.

வெள்ளியும் செம்பும் பாதிப் பாதியான மஞ்சள் 18 கேரட் இவ்வளவு முரட்டுத்தனம் செய்யாது. வெள்ளி செம்பின் பங்கைக் குறைப்பதால் வரிசை சேரும் வேகமும் பலமும் தணியும். முதிர்த்தால் 150லிருந்து 230 வரை ஏறும், அதோடு சரி. அன்றாட நகைக்கு இது நல்ல சமரசம் என்பது என் கருத்து.

14 கேரட்டில் காரணம் வேறு. அங்கே தங்கம் 58.5 சதவீதம்தான், மீதி இடம் முழுக்க வெள்ளியும் செம்பும். இந்த இரண்டுக்கும் ஆகாது. திட நிலையில் ஒன்றில் ஒன்று அதிகம் கரையாது. தங்கம் நடுவில் இருந்து சமாதானம் செய்வதால் அதிகச் சூட்டில் மூன்றும் கலந்திருக்கும், ஆறினால் பிரியப் பார்க்கும். சர்க்கரைப் பாகு மாதிரி: கொதிக்கும்போது எவ்வளவு சர்க்கரையும் கரையும், ஆறினால் பூத்துவிடும். சட்டியில் முக்கி உறையவைத்து, பிறகு 300 டிகிரி பக்கம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெள்ளி மிகுந்த துணுக்குகளும் செம்பு மிகுந்த துணுக்குகளும் பிரிந்து நின்று டிஸ்லொகேஷனை மறிக்கும். அதிக நேரம் வைத்தால் துணுக்குகள் ஒன்று சேர்ந்து பெரிதாகி எண்ணிக்கை குறையும். நடுவில் வழி அகலமாகி, உலோகம் மறுபடி இளகும். அதிகம் முதிர்ந்தது என்போம். பாகு போலவே, பதம் தாண்டினால் திரும்பி வராது. முதலிலிருந்து காய்ச்ச வேண்டும்.

இப்படி உலோகம் வெறுமனே இருந்தே இறுகும் என்பதை முதலில் கண்டவர் ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் வில்ம், 1906இல், செம்பு கலந்த அலுமினியத்தில். முக்கி எடுத்த துண்டை வார இறுதி கழித்துத் திரும்ப அளந்தபோது கடினம் ஏறியிருந்தது. ஏன் என்று அவருக்கே தெரியாது. அலுமினியத்துக்கு அறைச் சூடு போதும், தங்கக் கலவைகளுக்குப் பொதுவாகப் போதாது. உங்கள் 18 கேரட் மோதிரம் அலமாரியில் இருந்து இருந்தே இறுகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதிர்வை நகைக்காரர்களைவிட முறையாகப் பயன்படுத்தியவர்கள் பல் மருத்துவர்கள். பல்லின் வடிவத்துக்கு அச்சாக வார்த்த தங்க உறையைச் சுத்தியலால் அடிக்க முடியுமா? வடிவம் போய்விடும். ஆகவே அவர்களுக்கு அடித்து இறுக்கும் வழியே அடைபட்டுவிட்டது. வார்த்து, 700 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, முக்கி, மெத்தென்ற நிலையில் விளிம்புகளைத் தேய்த்துப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு 200 முதல் 450 டிகிரிக்குள் கால் மணியிலிருந்து அரை மணி வைத்து இறுக்குவார்கள். இதற்குக் கலவையில் போதிய செம்பு இருக்க வேண்டும். மெல்லும் விசை அதிகம் விழும் பல் பாலங்களுக்கு இது தேவைப்பட்டது. பின்னாளில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காலியம் என்ற உலோகத்தைச் சேர்த்து, வாயின் 37 டிகிரியிலேயே மெதுவாக முதிரும் கலவைகளைக்கூட முயன்று பார்த்தார்கள். வில்மின் அலுமினியம் மாதிரி, நோயாளி வீட்டுக்குப் போன பிறகு தானே இறுகும் பல்!

இப்போது நீங்கள் கேட்டதன் சுவாரசியமான பகுதி. அடித்துவிட்டு முதிர்த்தால்?

அடிபட்ட உலோகத்தைச் சூட்டில் வைக்கும்போது உள்ளே ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் வேலைகள் தொடங்குகின்றன. ஒருபுறம் அடியால் வந்த நெரிசல் கலையத் தொடங்கும்; அது இளக்கும். மறுபுறம் வரிசை சேர்வதோ துணுக்குகள் பிரிவதோ தொடங்கும், அது இறுக்கும். யார் முந்துகிறார்கள் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கும். 18 கேரட்டில் 280 டிகிரி பக்கம் இறுக்கும் வேலை முந்திக்கொள்ளும், நெரிசல் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். 400ஐத் தாண்டினால் புதிய படிக மணிகள் வளர்ந்து அடியின் பலனைத் துடைத்துவிடும். 410க்கு மேலே வரிசை சேர்வதற்கும் வழியில்லை. இரண்டும் போச்சு. அடுப்பின் வெப்பமானி ஐம்பது டிகிரி பொய் சொன்னாலும் விளைவு கெட்டுவிடும்.

அடி இன்னொரு உதவியும் செய்கிறது. டிஸ்லொகேஷன் கோடு என்பது அணுக்கள் சற்றுத் தளர்ந்து நிற்கும் குறுகிய சந்து. அதன் வழியே அணுக்கள் வேகமாக ஓடும். புதிய துணுக்குகள் முளைக்கவும் அதுவே நல்ல இடம். அதனால் அடிபட்ட துண்டில் முதிர்வு சீக்கிரம் உச்சத்தைத் தொடும், துணுக்குகளும் எண்ணிக்கையில் அதிகமாக, நெருக்கமாக முளைக்கும். ஆகவே காய்ச்சிய துண்டுக்கு ஒரு மணி என்று எழுதியிருந்தால், அடிபட்ட துண்டுக்கு அதே ஒரு மணி அதிகமாகிவிடலாம். இதை மறந்துவிட்டு "முதிர்வித்தும் ஏறவில்லை" என்று குறைப்படுபவர்கள் பெரும்பாலும் உச்சத்தைத் தாண்டி இறங்கிவிட்டவர்கள்.

இரட்டிப்புப் பலனா என்றால், எப்போதும் கூட்டல் கணக்காக வராது. மஞ்சள் 18 கேரட்டில் அடித்தே 210ஐ எட்டியவன், முதிர்த்தால் மேலே ஏறுவான்; ஆனால் காய்ச்சிய நிலையிலிருந்து முதிர்ந்தவனுக்குக் கிடைத்த அளவு கூடுதல் கிடைக்காது. சிவப்புத் தங்கத்தில் ஒரு தொல்லையும் உண்டு. உருட்டிய தகட்டில் உள்ளே தங்கியிருக்கும் அழுத்தம், எந்தப் பக்கம் குட்டையாக வேண்டும் என்று கட்டங்களுக்கு ஜாடை காட்டிவிடும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து சுருங்கினால் நேராக இருந்த பட்டை லேசாக வளைந்து வெளியே வரும். இன்னொன்று, வரிசையை மாற்றாதீர்கள்: முதிர்த்த பிறகு அடிக்க நினைத்தால் உடையும், உடையாவிட்டாலும் அடி அந்த வரிசையைக் கலைக்கும்.

அடியும் முதிர்வும் அழகாகக் கைகோப்பதைப் பார்க்க வேண்டுமானால் 990 தங்கம் என்ற கலவையைப் பார்க்க வேண்டும். 1980களில் உருவானது. எடையில் 99 சதவீதம் தங்கம், ஒரே ஒரு சதவீதம் டைட்டானியம். டைட்டானியம் லேசான அணு என்பதால் அந்த ஒரு சதவீத எடை, அணுக்கணக்கில் நான்கு சதவீதம். 800 டிகிரியில் முழுதும் கரைந்திருக்கும். 500 டிகிரியில் அதில் பாதிகூடத் தங்காது. முக்கி எடுத்து 500 டிகிரியில் ஒரு மணி வைத்தால், நான்கு தங்க அணுவுக்கு ஒரு டைட்டானியம் என்ற கணக்கில் துணுக்குகள் பிரியும். காய்ச்சிய நிலையில் 70, உருட்டினால் 120, முதிர்த்தால் 170 முதல் 240 வரை. அந்த மேல் முனைக்குப் பக்கத்தில் போவது, முதிர்ப்பதற்கு முன்பே உருட்டிய தகடு. கிட்டத்தட்ட சொக்கத் தங்கம், 18 கேரட்டின் கடினம்! பிறகு ஏன் கடைகளில் காணோம்? டைட்டானியம் காற்றில் உடனே ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். வெற்றிடத்திலோ ஆர்கான் வாயுவிலோதான் உருக்க வேண்டும். நம் பட்டறைகளில் பழைய நகையை உருக்கிப் புது நகை செய்வது அன்றாட நடைமுறை. 990ஐத் திறந்த மூசையில் உருக்கினால் டைட்டானியம் கசடாகிப் போய்விடும், கையில் மிஞ்சுவது சாதாரண மெத்தென்ற தங்கம்.

இனி உங்கள் 22 கேரட். வெள்ளி 5.5, செம்பு 2.8 சதவீதம் உள்ள வழக்கமான கலவையில் நூறு அணுவுக்குச் செம்பு எட்டுதான். வரிசை கட்ட ஆள் போதாது. வெள்ளியும் செம்பும் பிரிந்து நிற்கலாம் என்றால், சுற்றிலும் 83 தங்க அணு நின்று எல்லாவற்றையும் கரைத்து வைத்திருக்கிறது. பாகில் சர்க்கரை மிகக் குறைவு, எவ்வளவு ஆறினாலும் பூக்காது. சாவரின்போல் மீதி முழுக்கச் செம்பாக இருந்தால் அணுக்கணக்கில் 22 சதவீதம் வரும், மூன்று தங்கத்துக்கு ஒரு செம்பு என்ற இன்னொரு வரிசைக்குக் கிட்டத்தில். ஆனால் அந்த வரிசை சேரும் வெப்பநிலை மிகவும் தாழ்ந்தது, அங்கே அணுக்களுக்கு நகரவே தெம்பு இருக்காது. ஆக, 22 கேரட்டை 300 டிகிரியில் வைத்தால் நடக்கக்கூடியது ஒன்றே ஒன்று: அடித்து ஏற்றிய விறைப்பில் கொஞ்சம் போகும், செம்பினால் மேலே கறுக்கும். கற்களோ அரக்கோ முத்தோ இருந்தால் அதுவும் போச்சு. கோபால்ட் போன்றவற்றைத் துளி சேர்த்து 22ஐயும் முதிர வைக்கலாம்தான். ஆனால் அது உருக்கும்போதே முடிவாக வேண்டியது. செய்த நகைக்குப் பின்னால் ஏற்ற முடியாது.

கடைசியாக, நசுங்குவது பற்றி. இறுக்குவதால் வளையல் வளையாமல் போகாது. கடினமான தங்கமும் மெத்தென்ற தங்கமும் ஒரே விசைக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புமா, அப்படியே நின்றுவிடுமா என்பதில்தான் வித்தியாசம். வளைவதையே குறைக்க வேண்டும் என்றால் கனம்தான் வழி. பட்டையின் கனம் 0.5 மில்லிமீட்டரிலிருந்து 0.6 ஆனால் வளைக்கத் தேவையான விசை 1.7 மடங்காகும், ஏனென்றால் அது கனத்தின் மூன்றாம் அடுக்காக ஏறுகிறது. எடை ஏறுவது ஐந்தில் ஒரு பங்குதான். எடை குறைவாக, பார்க்கப் பெரிதாக என்று வாங்கும் உள்ளீடற்ற வளையல்களில் இந்தக் கணக்கு நமக்கு எதிராக வேலை செய்கிறது. புதிதாகச் செய்யக் கொடுப்பதாக இருந்தால் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டிய 22 கேரட்டில், சற்று ஒடுங்கலாக, ஆனால் கனமாகக் கேளுங்கள். நிறம் கொஞ்சம் சிவக்கும், அவ்வளவுதான். அப்புறம், ஆசாரியிடம் இன்னொன்றும் கேளுங்கள்: ஒட்டுப் போட்ட பிறகு வளையலை மறுபடி உருளைக் கட்டையில் மாட்டி அடித்து வட்டம் எடுத்தாரா, இல்லை தீயிலிருந்து இறக்கி நேராக மெருகுக்கு அனுப்பிவிட்டாரா என்று.